இமாலய வோல்களும் அவற்றின் வகைப்பாடும்

இமாலயச் சரிவுகளில், மரங்கள் முடிந்து புல்வெளிகளும் பாறைக் குவியல்களும் தொடங்கும் உயரத்தில், கற்களின் இடுக்கிலிருந்து பகலிலும் வெளிவந்து புல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் மறையும் சிறு பிராணி ஒன்று உண்டு. அங்குப் பணி செய்யச் செல்லும் ஊழியர் பலர் அதனை எலி என்றே கருதுவர். குறிப்பேட்டிலும் எலி என்றே எழுதுவர். விலங்கியலார் அதனை எலியாகக் கொள்வதில்லை. அது வோல் எனப்படும் வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பயிரின் வேரைத் தின்றது எப்பிராணி என்று அறியாமல் நச்சுணவு வைப்பவர், பயிரையும் காக்கமாட்டார். பாறையிடுக்கில் புல்லைத் தின்று வாழும் தீங்கற்ற பிராணியைக் கொல்லவும் கூடும். அதனை இரையாகக் கொள்ளும் மரநாய் வகைகளுக்கும், நரிகளுக்கும், பருந்துகளுக்கும் அதனால் கேடு விளையலாம். ஒரு பிராணியின் பெயரைத் தவறாக எழுதினால், அதனைப் பற்றிய மற்றச் செய்திகள் யாவும் தவறான ஏட்டில் போய்ச் சேரும். ஆகவே வோலை அறியும் முறையும், அதன் விஞ்ஞானப் பெயர்கள் அடிக்கடி மாறுவதன் காரணமும் இங்கு விளக்கப்படுகின்றன.

தமிழ்ப் பெயர் பற்றி

வோலுக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. தென்னிந்தியாவில் இப்பிராணி இல்லாமையே அதற்குக் காரணம். ஆங்கிலப் பெயர், வயல் எனப் பொருள்படும் நார்வே நாட்டுச் சொல்லடியாகப் பிறந்தது. எனவே வயல் எலி என்று மொழிபெயர்க்கலாம் எனத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டு உழவர் அப்பெயரால் குறிப்பது நெல்வயலின் வரப்பில் வளை தோண்டும் உண்மையான எலிகளையே. ஒரே பெயரை இரு வேறு கூட்டங்களுக்கு வழங்கினால் குழப்பம் மிகும். ஆதலின் இங்கு வோல் என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

வகைப்பாட்டில் வோலின் இடம்

கொறிக்கும் பிராணிகள் அனைத்தும் ரோடென்ஷியா என்னும் வரிசையில் அடங்கும். வரிசைக்குள் குடும்பமும், குடும்பத்திற்குள் உட்குடும்பமும், அதற்குள் பேரினமும், பேரினத்திற்குள் இனமும் அமைகின்றன. தமிழ்நாட்டு வயல்களில் காணும் கரம்பை எலியையும், மேற்கு இமாலயத்தின் ராய்ல் வோலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்வமைப்பு தெளிவாகும்.

கரம்பை எலி:
வரிசை — ரோடென்ஷியா
குடும்பம் — மியூரிடீ
உட்குடும்பம் — மியூரினீ
பேரினம் — பாண்டிகோட்டா
இனம் — பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ்

ராய்ல் வோல்:
வரிசை — ரோடென்ஷியா
குடும்பம் — கிரிசெட்டிடீ
உட்குடும்பம் — ஆர்விகோலினீ
பேரினம் — ஆல்டிகோலா
இனம் — ஆல்டிகோலா ராய்லை

இரண்டும் வரிசையில் ஒன்றுபட்டுக் குடும்பத்திலேயே பிரிந்துவிடுகின்றன. வோல்களுடன் ஆர்விகோலினீ உட்குடும்பத்தில் அடங்குபவை வட துருவத்தை ஒட்டிய நாடுகளின் லெம்மிங்குகளும், வட அமெரிக்காவின் மஸ்க்ராட்டும் ஆகும். இவ்வுட்குடும்பத்தில் 150-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவை ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய நிலப்பகுதிகளில், பெரும்பாலும் குளிர்ந்த அல்லது மிதமான தட்பவெப்பம் உள்ள இடங்களில் வாழ்கின்றன. இந்தியாவில் அவை இமாலயத்திலும் அதனை ஒட்டிய உயர் நிலங்களிலும் மட்டுமே உண்டு.

குடும்பங்களின் எல்லையும் நெடுங்காலம் ஒருமுகமாக வரையறுக்கப்படவில்லை. 1941-ஆம் ஆண்டு வெளிவந்த எல்லர்மனின் நூல், வோல்களையும் எலிகளையும் மியூரிடீ என்னும் ஒரே குடும்பத்தில் வைத்தது. 1945-ஆம் ஆண்டில் சிம்ப்சன், வோல்களைக் கிரிசெட்டிடீயில் சேர்த்தார். தமிழ்நாட்டு உழவர் நன்கறிந்த வெள்ளெலியின் கூட்டத்தையும் அவற்றோடே வைத்தார். பிற்காலத்து மரபணு ஆராய்ச்சி, வோல்களின் தனிக் குடும்பத்தை உறுதிசெய்து, வெள்ளெலிக் கூட்டத்தை மட்டும் எலிகளின் குடும்பத்திற்கு மாற்றியது. வெள்ளெலி தன் வளையை விட்டு நகரவில்லை; அதன் உறவைப் பற்றிய அறிவே திருந்தியது.

புறத்தோற்றமும் அதன் எல்லையும்

வோலின் முகம் மழுங்கியது. கண்களும் காதுகளும் சிறியவை. காதுகள் மென்மையான அடர்ந்த உரோமத்தில் பாதி மறைந்திருக்கும். வால் குறுகியது, பெரும்பாலான இனங்களில் தலையும் உடலும் சேர்ந்த நீளத்தின் பாதிக்கும் குறைவு. எலியின் முகமோ கூரியது. காதுகள் எடுப்பாக நிற்கும். வால் பெரும்பாலும் நீண்டு, உரோமம் அருகிச் செதில் வளையங்கள் தெரிய அமைந்திருக்கும்.

இவ்வடையாளங்கள் களத்தில் முதல் ஐயத்தை எழுப்பப் போதுமானவை; முடிவு கூறப் போதுமானவை அல்ல. இதற்குத் தென்னாட்டிலேயே தக்க சான்று உண்டு. புதர்களிலும் புல்லிலும் பாதை அமைத்து வாழும் கோலுண்டா எல்லியோட்டி என்னும் எலி, மழுங்கிய முகமும் வட்டமான காதும் செறிந்த உரோமமும் உடையது. புல்லும் இலையும் தின்பது. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த வால்டர் எல்லியட்டின் பெயரால் 1837-இல் கிரே இதற்குப் பெயரிட்டார். பார்வைக்கு வோலை ஒத்த இப்பிராணியின் மண்டையோட்டைத் திறந்து பற்களைப் பார்த்தால் அது எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததென்பது ஐயமின்றி விளங்கும். ஒரே வகை வாழ்க்கை ஒரே வகைத் தோற்றத்தை அளிக்கலாம். தோற்றத்தின் ஒப்புமை உறவைக் காட்டாது.

பற்களின் சான்று

எலிக்கும் வோலுக்கும் பற்களின் எண்ணிக்கை ஒன்றே. ஒவ்வொரு தாடையிலும் இரு முன்பற்களும், பக்கத்திற்கு மூன்றாக ஆறு கடைவாய்ப் பற்களும் ஆக மொத்தம் 16. வேறுபாடு கடைவாய்ப் பற்களின் அமைப்பில் உள்ளது.

எலியின் மேற்கடைவாய்ப் பல்லில் சிறு குமிழ்கள் மூன்று நெடுவரிசைகளில் நிற்கும். முதுமையில் அவை தேய்ந்து மட்டமாகும். பல் வேரூன்றியிருக்கும், தேய்ந்த பல் மீண்டும் வளராது. வோலின் பல்லில் குமிழ்களே இல்லை. அது பட்டைகள் பொருந்திய தூண் போன்றது. மேலிருந்து நோக்கினால் முக்கோணங்கள் இடமும் வலமும் மாறி மாறி அடுக்கப்பட்டது போல் தோன்றும். முக்கோணங்களின் விளிம்பு எனாமல் என்னும் கடினமான பற்சிப்பியால் ஆனது. உட்பகுதி அதனினும் மென்மையானது. மென்பகுதி விரைவில் தேய, விளிம்பு சற்றே உயர்ந்து அரத்தின் பற்களைப் போல் நிற்கும்.

இவ்வமைப்பின் பயன் எளிதில் விளங்கும். புல்லில் மணலின் மூலப்பொருளாகிய சிலிக்கா உண்டு. நாள்தோறும் புல்லை அரைக்கும் பல் விரைவில் தேயும். பெரும்பாலான வோல்களின் கடைவாய்ப் பற்கள் வேரின்றி வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், தேய்வு ஈடுசெய்யப்படுகிறது. கிளெத்ரியோனோமிஸ் போன்ற சில பேரினங்களில் மட்டும் வயது முதிர்ந்தபின் பல்லுக்கு வேர் தோன்றுகிறது. வேர் உண்டா இல்லையா என்பதும் ஆகவே ஓர் அடையாளமாகிறது.

இனங்களைப் பிரித்தறிய ஆராய்ச்சியாளர் பெரிதும் நோக்குவது கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப் பல்லையும், மேல்தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல்லையும் ஆகும். மைக்ரோடஸ் பேரினத்தில் கீழ் முதற்பல்லின் முக்கோணங்களில் பொதுவாக ஐந்து தனித்தனியே மூடியிருக்கும். சிக்கிம் வோலில் முன்னிரண்டும் ஒன்றோடொன்று கலந்து, மூன்று மட்டுமே மூடியிருக்கும். மேலண்ணத்தின் எலும்பும் உதவுகிறது. ஆல்டிகோலாவில் அது பின்புறம் தட்டுப்போல் முடியும். மைக்ரோடஸில் நடுவே சரிந்த மேடும் இருபுறமும் குழியும் காணப்படும்.

இந்திய வோல்கள்

ஆல்டிகோலா என்னும் பெயருக்கு உயர்நிலத்தில் வாழ்வது என்பது பொருள். பாறையிடுக்குகளே இதன் வீடு. இப்பேரினத்தின் ராய்ல் வோல், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகிய மேற்கு இமாலயப் பகுதிகளுக்கு உரியது. சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ஜான் போர்ப்ஸ் ராய்லின் நினைவாக 1842-இல் கிரே இதற்குப் பெயரிட்டார். இதே பேரினத்தைச் சேர்ந்த ஸ்டோலிஸ்கா வோல், வறண்டு குளிர்ந்த உயர்நிலங்களில் வாழ்வது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா, யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவோடு திரும்பும் வழியில் 1874-இல் லடாக்கில் உயிர்நீத்தார். அடுத்த ஆண்டு, அதே துறையின் பிளான்போர்டு இவ்வோலுக்கு அவர் பெயரைச் சூட்டினார்.

கிழக்கு இமாலயத்தின் புல்வெளிகளிலும் காட்டு விளிம்புகளிலும் காண்பது சிக்கிம் வோல். லடாக்கிலும் திபெத்திலும் நீரோடை, ஏரி இவற்றின் கரைகளில் வளை அமைத்து வாழ்வது பிளைத் வோல். கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் பொருட்காட்சிச் சாலையைப் பல ஆண்டுகள் கவனித்து வந்த எட்வர்டு பிளைத் இதனை 1863-இல் விவரித்து, வெள்வால் எனப் பொருள்படும் லியூகுரஸ் என்ற பெயரை அளித்தார்.

காஷ்மீரத்திலும் அதனை ஒட்டிய மலைகளிலும் வாழும் கூட்டம் ஹைபராக்ரியஸ். இது மண்ணைத் தோண்டி நிலத்தடியில் வாழ்வதற்கேற்ற உடலமைப்புடையது. வால் மிகக் குறுகியது. கண்ணும் காதும் சிறியவை. இதில் இரண்டே இனங்கள். ஒன்று காஷ்மீரத்து மலைப்புல்வெளிகளின் ஹைபராக்ரியஸ் பெர்டிலிஸ். மற்றொன்று, இன்று பாகிஸ்தானில் உள்ள முர்ரி மலைப்பகுதியின் ஹைபராக்ரியஸ் வின்னை.

பெயர்கள் மாறுவது ஏன்?

பழைய நூலில் ஒரு பெயரும் புதிய நூலில் வேறொரு பெயரும் கண்டு ஆசிரியர்கள் மயங்குவதுண்டு. மாற்றங்கள் இரு வகைப்படும். முதல் வகை பெயரிடும் விதியைப் பற்றியது. முன்னர் வெளியான பெயருக்கே உரிமை என்பது பொதுவிதி. 1950-களின் நூல்களில் வோல்களின் உட்குடும்பம் மைக்ரோட்டினீ எனக் காணப்படும். ஆர்விகோலினீ என்பதற்கு அடிப்படையான பெயர் 1821-லேயே வழங்கப்பட்டதால், இன்று அதுவே ஏற்கப்படுகிறது. இங்கு பிராணியின் உறவில் மாற்றம் ஏதும் இல்லை.

இரண்டாம் வகை உறவைப் பற்றிய அறிவின் மாற்றம். லின்னேயஸ் 1758-இல் எலி, சுண்டெலி, வோல், லெம்மிங் ஆகிய எல்லாவற்றையும் மஸ் என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். பிற்காலத்தார் அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்தனர். இவ்வாறு ஓர் இனம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலிருந்து வேறொன்றிற்கு மாற்றப்பட்டால், பெயரிட்டவரின் பெயரும் ஆண்டும் பிறைக்கோட்டுக்குள் எழுதப்படும். ஸ்டோலிஸ்கா வோலை பிளான்போர்டு முதலில் ஆர்விகோலா பேரினத்தில் வைத்தார். ஆதலின் இன்று அதனை ஆல்டிகோலா ஸ்டோலிஸ்கானஸ் (பிளான்போர்டு, 1875) என எழுதுகிறோம். பிறைக்கோடு அச்சுப் பிழையன்று. அப்பிராணி ஒருமுறை இடம் பெயர்ந்தது என்பதற்கு அடையாளம்.

சிக்கிம் வோலின் வரலாறு இதற்குச் சிறந்த உதாரணம். நேபாளத்திலும் டார்ஜிலிங்கிலும் வாழ்ந்து இமாலயப் பிராணிகளை ஆராய்ந்த ஹாட்ஜ்சன் இதனை நியோடான் என்று தனிப் பேரினமாக்கினார். 1951-ஆம் ஆண்டின் எல்லர்மன், மாரிசன்-ஸ்காட் பட்டியலில் இது பிட்டிமிஸ் என்னும் பேரினத்தில் காணப்படுகிறது. கீழ் முதற்பல்லின் முக்கோணங்கள் கலந்திருத்தல் அமெரிக்க, ஐரோப்பியப் பிட்டிமிஸ் வோல்களிலும் உண்டு என்பதே காரணம். பின்னர் வந்த நூல்கள் சில இதனை மைக்ரோடஸில் சேர்த்தன. மரபணுக்களை ஒப்பிட்டபோது, பல்லில் ஒத்த இக்கூட்டங்கள் வெவ்வேறு வழியில் தோன்றியவை என்பது புலனாயிற்று. சிக்கிம் வோல் மீண்டும் நியோடான் ஆயிற்று. தனிப் பேரினமாக எண்ணப்பட்டிருந்த பிளைத் வோலும் 2010-களின் ஆராய்ச்சியால் அதே பேரினத்தில் வைக்கப்பட்டது. தோற்றம் ஏமாற்றுவது போலவே சில வேளைகளில் பல்லும் ஏமாற்றக்கூடும் என்பதை இது காட்டுகிறது. ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாது பலவற்றைச் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

ஒரு பழைய மாதிரியின் பயன்

காஷ்மீரத்து ஹைபராக்ரியஸ் பெர்டிலிஸை 1894-இல் அமெரிக்க தேசியப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த பிரெடெரிக் ட்ரூ விவரித்தார். பால்டிஸ்தானத்திலும் காஷ்மீரப் பள்ளத்தாக்கிலும் அப்பட் என்பவர் திரட்டி அளித்த பிராணிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை அது. 1896-இல் ஜெரிட் மில்லர் ஹைபராக்ரியஸ் என்ற பெயரை வழங்கினார். லண்டன் பொருட்காட்சிச் சாலையின் மார்ட்டின் ஹிண்டன் 1926-இல் வெளியிட்ட பெருநூல் வோல்களின் ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் அடிப்படையாக விளங்கியது. ஆயினும் ஹைபராக்ரியஸின் உறவு எதனோடு என்பது தெளிவாகவில்லை. ஆல்டிகோலாவுக்கு நெருங்கியதென்றே பலரும் கருதிவந்தனர்.

2020-ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடை கிடைத்தது. பொருட்காட்சிச் சாலை ஒன்றில் ஏறத்தாழ நூறாண்டுகளாக இருந்த மாதிரியிலிருந்து மரபணுப் பொருளை ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்தனர், மண்டையோடுகளையும் ஒப்பிட்டனர். ஹைபராக்ரியஸ் ஆல்டிகோலாவின் கிளையன்று என்பதும், வோல்களின் மரபில் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்து நின்ற தனிக்கிளை என்பதும் வெளிப்பட்டன. அம்மாதிரியைப் பதப்படுத்தியவர் காலத்தில் மரபணு என்பது இன்னதென்றே எவரும் அறிந்திலர். அவர் செய்ததெல்லாம் தோலைக் கெடாமல் வைத்து, சீட்டில் செய்தியைச் சரியாக எழுதியதே. காஷ்மீரத்து மலைகளில் ஒரு பழைய மரபு உண்டென்று இன்று நாம் அறிவதற்கு அவ்விரு காரியங்களே துணை நின்றன.

கள ஊழியர்களுக்கு

உரிய அனுமதியின்றி எக்காட்டுப் பிராணியையும் பிடிக்கலாகாது. இறந்து கிடக்கும் பிராணிகளும், ஆந்தைகள் உமிழ்ந்த எச்ச உருண்டைகளும் போதிய செய்தி தரும். அவ்வுருண்டைகளில் சிறு மண்டையோடுகளும் தாடைகளும் பெரும்பாலும் சிதையாமல் கிடைக்கும். கொறிக்கும் பிராணிகள் நோய்களைப் பரப்பக்கூடியவை. ஆதலின் வெறுங்கையால் தொடாமல் கையுறை அணிதல் வேண்டும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, பாலினம், கிடைத்த இடத்தின் தன்மை (பாறை, புல்வெளி, தோட்டம், நீர்க்கரை), திரட்டியவரின் பெயர். தலையும் உடலும் சேர்ந்த நீளம், வாலின் நீளம், பின்பாதத்தின் நீளம், காதின் நீளம் ஆகிய நான்கையும் மில்லிமீட்டரிலும், எடையைக் கிராமிலும் குறிக்க வேண்டும். இனம் தெரியாவிடில் ஊகித்து எழுதலாகாது. வோல், இனம் அறியப்படவில்லை என்று எழுதுவது பிழையான பெயரை எழுதுவதினும் மேலானது. பெயரைப் பின்னர் நிபுணர் நிரப்பலாம். உயரத்தையும் தேதியையும் பின்னர் எவராலும் நிரப்ப இயலாது.

பயிர்ச்சேதம் பற்றிய அறிக்கையில், சேதத்தைக் கண்ட இடமும் பிராணியைக் கண்ட இடமும் ஒன்றுதானா என்பதைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். பாறையில் கண்ட வோலைத் தோட்டத்தின் சேதத்திற்குப் பொறுப்பாக்குவது பெரும் பிழை.

வகுப்பறையில்

வோல் இல்லாத ஊரிலும் இப்பாடத்தைக் கற்பிக்கலாம். கரும்பலகையில் எலியின் பல்லை மூன்று வரிசைக் குமிழ்களாகவும், வோலின் பல்லை மாறி மாறி அமைந்த முக்கோணங்களாகவும் வரைந்து, எது தானியத்திற்கும் எது புல்லுக்கும் ஏற்றது என மாணவரைக் கேட்கலாம். பின்னர் சுண்டெலி, பெருச்சாளி, வெள்ளெலி, அணில், மூஞ்சுறு ஆகிய ஐந்தின் பெயர்களையும் எழுதி, உறவின்படி பிரிக்கச் சொல்லலாம். மாணவர் பலர் மூஞ்சுறுவை எலிகளோடும், அணிலைத் தனியாகவும் வைப்பர். அணில் கொறிக்கும் பிராணி. மூஞ்சுறுவோ அவ்வரிசையையே சேராது, பூச்சிகளைத் தின்னும் வேறு வரிசையைச் சேர்ந்தது. மூஞ்சுறுவுக்கு எலியின் கொறிக்கும் முன்பற்கள் இல்லை என்பதை எடுத்துக்காட்டினால், தோற்றத்திற்கும் உறவுக்கும் உள்ள வேறுபாடு மாணவர் மனத்தில் நிலைக்கும்.

விஞ்ஞானப் பெயர்கள் இனியும் மாறும். அம்மாற்றங்களைக் கண்டு வகைப்பாட்டின்மீது நம்பிக்கை இழப்பதற்குக் காரணம் இல்லை. பெயர் மாறினாலும் மாதிரியும், அதன் காலில் கட்டிய சீட்டும், சீட்டில் எழுதிய இடமும் உயரமும் தேதியும் மாறுவதில்லை. பின்வரும் ஆராய்ச்சி எதுவாயினும் அவற்றிலிருந்தே தொடங்கும்.